சொதி என்றால் இடப்பக்கம்

மொன்றியல் தீவில் பிறந்தவர்கள், வந்து குடியேறியவர்கள், விசா முடிந்தும் போக மனமில்லாமல் இருப்பவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, "உங்களில் அதிகமாகத் தோற்றவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். என் அக்காவின் கணவர் ஒரு கணமும் யோசிக்காமல் முன்னால் வந்து நிற்பார். நின்றதோடு விடமாட்டார், விசிலும் ஊதுவார்.

அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அது குடிவரவு அதிகாரிகளுக்குத் தெரிந்தால் போதும். எனக்கு அவர் விசில் அத்தான். தமிழ்க் கடையில் விசில் அண்ணை. முதலில் ஒரு பள்ளிக்கூடத்திலும் பிறகு ஒரு கொலிஜிலும் அமெரிக்கன் ஃபுட்போல் பயிற்சியாளராக இருந்தவர். இரண்டு இடத்திலும் அவருடைய அணி, நான் அறிய, ஒரேயோர் ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தோற்றது. அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த வெற்றிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத பாக்கியசாலிகளுக்காக ஒரு சிறு விளக்கம். பந்து உருண்டையாக இருக்காது, உரிக்காத தேங்காய் போல நீண்டிருக்கும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டவிடாமல் அவர்கள் மேலே விழுவார்கள். எல்லோரும் தலைக்கவசமும் தோளில் தலையணை போல ஏதோ ஒன்றும் மாட்டியிருப்பதால், விழுகிறவன் யார், நசுங்குகிறவன் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இதற்கு விளையாட்டு என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகும் பிள்ளைகளை மறித்து வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவருக்கு இதற்குள் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் அப்பாவும் அதைத்தான் கேட்டார். வேலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருந்ததாம். கம்பி வேலிக்கு வெளியே நின்று தினமும் பார்த்தவருக்கு ஒரு நாள் ஞானம் பிறந்ததாம்.

"மாமா, இது வேற ஒண்டுமில்லை, எங்கட கிளித்தட்டு! கோட்டைக் காக்கிறவன் காக்கிறான், தாண்டுறவன் தாண்டுறான். இவங்கள் கையில ஒரு பந்தைக் குடுத்திட்டுத் தங்கட விளையாட்டு எண்டு சொல்லுறாங்கள்."

சொன்னதோடு நிறுத்தியிருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். அம்மா கொண்டுவந்து வைத்த பலகாரத் தட்டை இழுத்து, பயற்றம் பணியாரங்களை இரண்டு வரிசையாக நிறுத்தி, ஒரு வடையை ஓடவிட்டுக் காட்டினார். அக்கா தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. வடை அப்போது கடைசிக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பாட்டோட விளையாடுறவர் எனக்கு வேண்டாம்," என்று அக்கா உள்ளே வந்து சொன்னாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு மணி நேரம் கழித்து, "ஆள் பொய் சொல்லாத ஆள் போல கிடக்கு," என்றாள். அவ்வளவுதான், கலியாணம் பேசி முடிந்துவிட்டது.

அதற்கிடையில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர், வேலிக்கு வெளியே ஒரு மனிதர் தினமும் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் பந்து மூட்டையைத் தூக்கக் கூப்பிட்டிருந்தார். மூட்டை தூக்கியவர் உதவிப் பயிற்சியாளர் ஆனார். பெரியவர் வேறு நல்ல இடம் கிடைத்துப் போனதும், அந்தப் பதவிக்கு வேறு யாரும் ஆசைப்படாததால், இவரே பயிற்சியாளர் ஆனார். அன்று கழுத்தில் ஏறிய விசில் குளிக்கும்போதும் இறங்கவில்லை.

கலியாணத்தன்றும் இறங்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் லவால் நகரில் ஒரு மண்டபம். பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை, மாலைக்கு உள்ளே விசில். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்து, "கெட்டி மேளம்!" என்று கையை உயர்த்துகிறார். மேளத்தைக் காணோம். மேளகாரர் இருவரும் பின்கதவுக்கு வெளியே புகைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஐயர் இரண்டாம் முறையும் கத்துகிறார். நல்ல நேரம் போகிறது. அத்தான் ஒரு கையில் தாலியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாலைக்குள் துழாவி, விசிலை எடுத்து, ஊதினார் பாருங்கள்! பிள்ளைகள் அழுதன. தீ எச்சரிக்கை மணி என்று நினைத்து மண்டபத்து மனேஜர் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிப் பிரெஞ்சில் கத்தினார். என் அக்காவுக்குத் தாலி ஏறியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் தங்கள் குளிர் அங்கியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை அக்கா ஒரு சபதம் எடுத்தாள். "உந்த விசில் ஊதுற இடத்துக்கு இனி என்ர கால் வராது."

சொன்னால் சொன்னதுதான், அவள் அப்படிப்பட்டவள். வீட்டிலேயே ஒரு கார்டெறி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்துகிறாள். பூங்காவின் மறுகரையில் மண்ணை வாயில் போடப் போகிற குழந்தையை இந்தக் கரையிலிருந்து ஒரே சத்தத்தில் நிறுத்துவாள். யார் எதைப் பிழையாகச் செய்தாலும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஐயர் மந்திரத்தில் தடுக்கினாலும் திருத்துவாள்.

அன்று தொடக்கம் அத்தானுக்கு வாழ்க்கையில் இரண்டே ஆசைகள். ஓர் ஆட்டமாவது ஆடி வெல்ல வேண்டும். ஒரு நாளாவது அக்கா மைதானத்துக்கு வந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் நடந்தால் மூன்றாவதாகச் செத்துப்போனாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது கடினம் என்று கேட்டால், எங்கள் வீட்டில் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.

அணிக்கு ஆள் சேர்ப்பது ஒரு தனிக் கலை. மற்றப் பயிற்சியாளர்கள் பள்ளிக்கூடத்தில் தேடுவார்கள். அத்தான் தமிழர் கூடும் இடமெல்லாம் தேடினார். கத்தோலிக்கர்களின் தமிழ்ப் பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, சைவக்காரரான இவர் வாசலில் நின்று ஒவ்வொரு பையனுடைய தோளையும் கண்ணால் அளப்பார். கலியாணம், பிறந்தநாள், செத்தவீடு என்ற வேறுபாடு அவருக்கு இல்லை. ஒரு செத்தவீட்டில் தகப்பனை இழந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அனுதாபங்கள் அண்ணை. உங்கட மகனுக்கு நல்ல அகலமான தோள்," என்றார். பக்கத்தில் நின்ற நான் பனியில் புதைந்துவிடலாமா என்று யோசித்தேன். மகன் அடுத்த கிழமையே அணியில் சேர்ந்துவிட்டான், அது வேறு விஷயம்.

லாசால் பகுதியில் ஓர் அம்மா கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு நியாயம் கேட்டார்.

"இவன் டொக்டருக்குப் படிக்கப்போற பிள்ளை. மண்டையில அடிபட்டா நீங்களோ பொறுப்பு?"

"அக்கா, டொக்டருக்கு மூளைதானே முக்கியம்? அதுக்குத்தானே நாங்கள் ஹெல்மெற் போட்டு மூடி வைச்சிருக்கிறம். உங்கட வீட்டில ஆராவது அந்த மூளைக்கு ஒரு தொப்பியாவது வாங்கிக் குடுத்தனீங்களே?"

அந்தத் தாய் வெளியே பார்த்தார். வெளியே கடும் குளிர். பையன் வெறுந்தலையோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். கதவு முழுதாகத் திறந்தது.

சேர்ந்த பிறகுதான் பையன்களுக்குச் சனி பிடிக்கும். வகுப்புக்குப் போகாதவனுக்குப் பயிற்சி கிடையாது என்பது அவருடைய சட்டம். எவனாவது காலையில் படுத்துக் கிடந்தால், அவனுடைய ஜன்னலுக்குக் கீழே போய் நின்று விசில் ஊதுவார். ஒருவனை எழுப்பப் போய் மாடிக் கட்டடம் முழுவதும் எழும்பும். ஒருமுறை இரண்டாம் மாடியிலிருந்து ஒரு கியூபெக் மூதாட்டி ஜன்னலைத் திறந்து, தேவாலயத்துப் பீடம், பாத்திரம், பெட்டி என்று வரிசையாகச் சொல்லிக் கத்தினார். இங்கே கெட்ட வார்த்தை அப்படித்தான், எல்லாம் தேவாலயத்துச் சாமான்கள். அத்தானுக்கு அது அப்போது தெரியாது. காலைப் பிரார்த்தனை என்று எண்ணி, கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மூதாட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாராம்.

பல வருடங்கள் தொடர்ந்து தோற்றதைக் கவனித்த ஒரு கொலிஜ், அவரைத் தன்னிடம் வந்து தோற்கும்படி கூப்பிட்டது. எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு விருந்தில் அந்தக் கொலிஜ் அதிபரைக் கண்டபோது கேட்டேவிட்டேன். "மடாம், அவரிடம் சேர்ந்த எந்தப் பையனும் படிப்பை நடுவில் விட்டுப் போனதில்லை," என்றார் அவர். இருக்காதா பின்னே? சனிக்கிழமை அப்படித் தோற்றவன் திங்கட்கிழமை வகுப்புக்குள் தவிர வேறெங்கே போய் ஒளிவது?

கொலிஜுக்குப் போனதும் அத்தானின் மூளை பெரிதாக வேலை செய்யத் தொடங்கியது. எந்த ஆட்ட முறை என்பதைப் பயிற்சியாளர் மைதானத்துக்கு வெளியே நின்று பையன்களுக்குச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ சொன்னால் எதிரணிக்கு விளங்கிவிடும். ஆகவே தமிழ். அதுவும் சாதாரணத் தமிழ் இல்லை, எங்கள் வீட்டு இராச்சாப்பாடு. "புட்டு" என்றால் எல்லோரும் நடுவில் நெருங்கி இறுகி நின்று முன்னால் தள்ளுவது. "இடியப்பம்" என்றால் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிக்கிக்கொள்வது. "சொதி" என்றால் பந்தை இடப்பக்கம் ஊற்றிவிடுவது, அதாவது அந்தப் பக்கம் ஓடுகிறவனிடம் எறிந்துவிடுவது. ஹெயிற்றியிலிருந்து வந்த ஆறடிப் பையனும், அல்ஜீரியப் பையனும், வெள்ளைக்காரப் பையன்களும் தோளோடு தோள் சேர்த்து நின்று, "பூட்டூ! பூட்டூ!" என்று முழங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புரியுதா என்று அத்தான் கேட்டால், "ஓம் கோச்!" என்பார்கள். தமிழ்ப் பையன்கள் மட்டும் "வீ கோச்" என்று பிரெஞ்சில் சொல்வார்கள்.

திட்டம் எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாப்பிடப் போவேன். அத்தானின் சாப்பாட்டுக் கோப்பையில் பதினெட்டுப் பட்டிப் பஞ்சாயத்து நடக்கும். புட்டுக் கட்டிகள் எங்கள் அணி, பொரித்த மிளகாய் எதிரணி, மீன் தலை நடுவர். என்னைத்தான் கூப்பிட்டுக் காட்டுவார். 

"மச்சாள், இஞ்ச பாரும். மிளகாய் எல்லாம் நடுவுக்கு வந்திட்டுது. இப்ப சொதி அடிச்சா அவங்கள் முடிஞ்சாங்கள்."

"சொதி ஆறுது, சாப்பிடுங்கோ," என்பாள் அக்கா, தலையை நிமிர்த்தாமல். அவளுக்கு அந்தக் கோப்பை இருக்கும் திசையே பிடிக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்த ஒரே வெற்றியையும் சொல்லிவிடுகிறேன். எதிரணி வந்த பஸ், எங்கள் ஊர்த் தெருக்களின் செம்மஞ்சள் கூம்புகளுக்குள் மாட்டிக்கொண்டது. இந்த நகரத்தில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தெருவைக் கிண்டிவைத்துக் கூம்பு நட்டிருப்பார்கள். பஸ் ஒரு தெருவில் புகுந்தால் கூம்பு, திரும்பினால் கூம்பு. ஆட்ட நேரம் கடந்துவிட, நடுவர் எங்கள் அணி வென்றதாக அறிவித்துவிட்டார். பையன்கள் துள்ளினார்கள். அத்தான் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இது கணக்கில்லை," என்றார்.

"ஏன் கணக்கில்லை? இனி ஒவ்வொரு கிழமையும் ரெண்டு கூம்பு கொண்டு போங்கோ," என்றாள் அக்கா.

இப்படியே வருடங்கள் ஓட, போன இலையுதிர் காலத்தில் கொலிஜிலிருந்து செய்தி வந்தது. அடுத்த பருவத்துக்கு, இந்த விளையாட்டையே பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் இளைஞர் வருகிறார். அத்தானுக்குப் பாராட்டு, பூங்கொத்து, வணக்கம். மிஞ்சியிருந்தது ஒரேயோர் ஆட்டம், லவால் அணியோடு.

நான் அக்காவிடம் போனேன். "கடைசி ஆட்டம். ஒருக்கா வந்து பாரன்."

"தோக்கிறதைப் பாக்க அங்க ஏன் போகோணும்? வீட்டில பாக்கிறது காணாதே?"

"அந்த மனிசன் எத்தினை வருசமா வாசலைப் பாத்துக்கொண்டு நிக்குது, தெரியுமே?"

அவள் குழந்தைகளின் காலணிகளைச் சோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை காலை என் வீட்டு மணி அடித்தது. குளிர் அங்கி, கம்பளித் தொப்பி, கையில் தேநீர்ப் போத்தலுடன் அக்கா நின்றாள். "பனிச் சப்பாத்து வாங்கப் போறன். போற வழியில அந்த மைதானம் வந்தால் வரட்டும்." சப்பாத்துக் கடை எதிர்த் திசையில் இருந்தது. நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

அத்தானுக்கு நாங்கள் வருவது தெரியாது. படிவரிசையில் மேலே ஏறி உட்கார்ந்தோம். இரும்பு வாங்கு, குளிர் எலும்புக்குள் போனது. கீழே அவர் அந்தக் கோடு முழுவதும் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார். எப்படியோ, எந்தத் தெய்வம் கண் திறந்ததோ, அன்று எங்கள் பையன்கள் புட்டாய் இறுகித் தள்ளத் தள்ள, லவால் பையன்கள் பின்னால் போனார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரம், எதிரணி கொஞ்சமே முன்னால். எங்களிடம் பந்து, கடைசிக் கோடு கைக்கெட்டும் தூரத்தில், இன்னும் ஒரேயொரு வாய்ப்பு. தாண்டினால் வெற்றி. எதிரணி முழுவதும், இன்னொரு புட்டு வரும் என்று நடுவில் குவிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைக் கோப்பையில் மிளகாய்கள் நின்ற அதே மாதிரி.

அத்தான் கத்தினார்: "சொதீ!"

பந்தை வாங்க வேண்டிய பையனுக்குப் பதற்றமோ என்னவோ, வலப்பக்கம் போய் நின்றான். நான் அதைக் கவனிக்கவேயில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பியதைத்தான் கவனித்தேன்.

"தம்பீ! சொதி எண்டா இடப்பக்கம்! இடப்பக்கம் ஓடடா!"

பூங்காவின் மறுகரைக்குக் கேட்கும் அந்தக் குரல் மைதானம் முழுவதும் கேட்டது. எங்கள் பையன் திடுக்கிட்டு இடப்பக்கம் ஓடினான். நல்ல விஷயம்தான். ஆனால் லவால் அணிக்குள்ளும் ஒருவன் அதே நொடியில் அதே பக்கம் ஓடினான். எங்கள் சனம் வீடு வாங்கி வாங்கி லவாலுக்குப் போய்க் குடியேறியிருக்கிறதே, அதில் ஒரு வீட்டுப் பிள்ளை. தலைக்கவசத்துக்குள் தமிழ் முகம் இருந்ததை யார் கண்டது? பந்து எங்கள் பையனின் கையில் விழவும், அவன் மேல் இவன் விழவும் சரியாக இருந்தது. கடைசிக் கோட்டுக்கும் பந்துக்கும் இடையில் அரை முழம். நடுவர் நீளமாக ஊதினார். ஆட்டம் முடிந்தது.

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அத்தான் திரும்பி, குரல் வந்த திசையைப் பார்த்தார். பிறகு படிகளில் ஏறி வரத் தொடங்கினார். அவர் தோற்ற முகங்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். இந்த முகத்தைப் பார்த்ததில்லை.

மூச்சிரைக்க வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"சொதி எண்டா இடப்பக்கம் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லோணும்? இவ்வளவு காலமும் என்ர மேசையிலதானே வைச்சு உருட்டுறியள்."

"அப்ப... புட்டு?"

"எல்லாரும் நடுவில நெருங்கித் தள்ளுறது."

"இடியப்பம்?"

"பந்து ஆரிட்ட இருக்கெண்டு உங்களுக்கே தெரியாது."

அத்தான் அப்படியே ஈர வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பிறகு துள்ளி எழுந்து, மைதானத்தில் சோர்ந்து கிடந்த பையன்களைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார்: "என்ர மனிசிக்கு எல்லாம் தெரியுமடா! எல்லாம் தெரியும்!" பையன்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோச் சிரிக்கிறாரே என்று அவர்களும் கை தட்டினார்கள். ஹெயிற்றிப் பையன் "பூட்டூ!" என்று முழங்கினான். தோற்ற அணி கொண்டாடுவதைப் பார்த்து, வென்ற அணி தங்கள் வெற்றியில் ஏதோ பிழை இருக்கிறதோ என்று நடுவரிடம் விசாரித்தது.

லவால் அணியின் தமிழ்ப் பையன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு படிவரிசை வரை வந்தான். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை.

"அன்ரி, மெர்சி," என்று நன்றி சொன்னான்.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "நான் வந்திருக்கக் கூடாது," என்றாள். பின்னாலிருந்து அத்தான் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "மச்சாள், ரெண்டு ஆசையில பெரியது நடந்திட்டுது. மற்றதை ஆர் பேந்து கேட்டது?"

இப்போது அத்தானுக்கு அணியில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் இரண்டு பேரும் தேநீர்ப் போத்தலோடு ஏதாவது ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுகிறார்கள். யார் அணி, யார் பிள்ளைகள் என்ற கவலையெல்லாம் இல்லை. அவர் அவளுக்கு விளக்கம் சொல்கிறார். அவள் அவரைத் திருத்துகிறாள். போன கிழமை லாசாலில் ஓர் ஆட்டத்துக்கு நானும் போனேன். குளிர்ந்த இரும்பு வாங்கில் எனக்கொரு இடம் பிடித்து, தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றி விரித்து வைத்துவிட்டு, அந்த மனிதர் வெறும் ஸ்வெற்றரோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வாழ்நாள் முழுவதும் இப்படித்தான், எந்தக் கணக்கும் வராது. எனக்கு வாய்த்த ஒரே அத்தான், நல்ல வேளை இவராக வாய்த்தார்.

"வாரும் மச்சாள், இப்பதான் தொடங்குது," என்றார். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஆட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், கம்பளிச் சால்வையை விலக்கி, தன் கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தாள்.